தூக்காத கை

ஊர்க்குழுவுக்கு ஐந்து பேர் வேண்டும், அந்த ஐந்தில் இரண்டு பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று பறங்கியரை எதிர்த்துப் போராடும் கட்சியிலிருந்து வந்த ஆர்மிந்து சொன்னபோது ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. தங்கள் பெயரை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நாங்கள் ஊரை விட்டுக் காட்டுக்குள் வந்து அப்போது ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. பறங்கியரின் விமானங்கள் வீடுகளை எரித்துவிட்டுப் போன பிறகு, சதுப்பு வயல்களை ஒட்டிய காட்டில், வானத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி மரங்களுக்கு அடியில் குடிசை போட்டுக்கொண்டோம். இருள் பிரிவதற்குள் வயலில் இறங்குவோம். இரைச்சல் கேட்டால் சேற்றில் குப்புறப் படுத்துக்கொள்வோம். வரி கேட்கப் பறங்கி வருவதில்லை. அவன் நியமித்த தலையாரியும் ஓடிப்போய்விட்டான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கட்சி. அந்தப் பக்கம் முள்கம்பி போட்ட ஊர், அதற்குள் பறங்கியின் சிப்பாய்கள்.

"யாராவது ஒருத்தர் பேரையாவது சொல்லுங்க," என்றார் ஆர்மிந்து.

மருத்துவச்சி தேலாவின் பெயரைச் சொன்னார்கள். அவள் கைம்பெண், வயதானவள், யாரும் தடை சொல்லவில்லை. இன்னொரு பெயர் வரவில்லை. கடைசியில் கள் குடித்திருந்த இம்பாலி பின்னாலிருந்து கத்தினான்.

"எம் பொண்டாட்டி கிந்தா பேரைப் போடுங்க. வீட்டுல என்னைப் பார்த்துக் கத்துறதை அங்க வந்து கத்தட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்மிந்து சிரிக்காமல் கிந்தாவைப் பார்த்து, "சம்மதமா தோழர்?" என்று கேட்டார். அவளை அதுவரை யாரும் எதற்கும் சம்மதமா என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகவே அவள் தலையாட்டிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

இப்படி ஒரு கேலியில்தான் அது தொடங்கியது. ஆனால் கிந்தா அந்த வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. போராளிகளுக்கு ஒவ்வொரு வீடும் கொடுக்க வேண்டிய அரிசியைச் சேர்ப்பது அவள் பொறுப்பு. வீடு வீடாகப் போனாள். கொடுக்காதவன் வாசலில் நின்று, நாலு குடிசைக்குக் கேட்கும்படி, "உன் வயலைக் காக்கச் சாகுறவனுக்குச் சோறு போட மாட்டியா?" என்று கேட்டாள். அரிசி வந்தது. வழக்கு விசாரிக்கும் நாளில் பெரிய இலவ மரத்தடியில் ஆண்களோடு சமமாக முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் தடவை முக்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். பிறகு நன்றாகவே உட்கார்ந்தாள். கிழவர்கள் அவளைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. முதலில் மரத்தைப் பார்த்துப் பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டது.

ஒருநாள் அவள் கூட்டம் முடிந்து தாமதமாக வீட்டுக்கு வந்தபோது இம்பாலி கதவுப் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குய்யா படலைச் சாத்தியிருக்க? புகை மூட்டமா இருக்கு."

"எவனாவது பார்த்தா மானம் போயிரும். உள்ள வந்து சாத்து."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்த நாட்களில் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். சாவு தலைக்கு மேல் பறந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் எங்களில் பலர் அப்படித்தான் இருந்தோம்.

கூட்டங்களில் பேசவும் கிந்தா பழகிக்கொண்டாள். ஆர்மிந்து சொல்லிக் கொடுத்ததைத் தன் பாணியில் சொல்வாள். "பறங்கி நம்ம தலைமேல உட்கார்ந்தான்னு சண்டை போடுறோம். பொண்ணு தலைமேல யார் உட்கார்ந்திருக்கா? யோசிங்க. இனிமே இஷ்டமில்லாத கல்யாணம் கிடையாது. கட்டிக்கிட்டவளுக்கும் வேணாம்னா விட்டுடலாம். இதுதான் கட்சிச் சட்டம்." ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்கள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாலா மட்டும் வாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாலா இம்பாலியின் செத்துப்போன அண்ணன் மகள். கிந்தாவைச் சித்தி என்று கூப்பிடுவாள். அப்பன் இல்லாத பெண் என்பதால் இம்பாலிதான் அவளை இன்சாலிக்குக் கட்டிக் கொடுத்தான். இன்சாலிக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள், வளர்ந்த மகன்கள் இருந்தார்கள், ஆற்றோரத்தில் நிறைய வயல் இருந்தது. பரிசமாக நல்ல மாடுகளைக் கொடுத்தான். "மாமனாரை விட மருமகனுக்கு நரை அதிகம்" என்று ஊரில் கேலி பேசினார்கள். கல்யாணத்தன்று ஞாலா குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, முகம் துடைத்து, எண்ணெய் பூசி அனுப்பியவள் கிந்தா. "எல்லாருக்கும் இப்படித்தான், பழகிரும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். வந்த மாடுகளில் பாதியை இம்பாலி தன் தகப்பன் கருமாதியில் வெட்டி ஊருக்குச் சோறு போட்டான். மீதியில் குண்டு விழுந்து செத்தவை போக இரண்டு இருந்தன.

இன்சாலி கெட்டவன் இல்லை. அடிக்க மாட்டான். அவனுடைய மகன்கள் இரண்டு பேரும் போராளிகள். ஊரிலேயே அதிக அரிசி கொடுப்பவன் அவன்தான். ஞாலாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அரிசிச் சுமையோடு போராளிகளின் முகாமுக்குப் போய் வந்ததில் காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றிருந்தாள். அங்கிருந்த தாதி, "நீ வந்தா உன்னைப் பயிற்சிக்கு அனுப்பலாம்" என்று சொல்லியிருந்தாள். இன்சாலி விடவில்லை.

ஒருநாள் உரலடியில் ஞாலா கிந்தாவிடம் வந்து நின்றாள்.

"சித்தி, நான் வழக்குப் போடப் போறேன்."

"யார் மேல?"

"அவர் மேலதான். எனக்கு அவர் வேணாம். நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க, வேணாம்னா விட்டுடலாம்னு."

கிந்தா உலக்கையை நிறுத்தினாள். "சொன்னேன்," என்றாள். "சொன்னேன்தான். போடு."

அன்று சாப்பிடும்போது இம்பாலியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தான்.

"அவ விட்டுட்டு வந்தா பரிசத்தைத் திருப்பணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"எங்க இருக்கு மாடு? எங்கப்பன் கருமாதியில தின்னவன் வயித்துலயா போய் எடுக்க முடியும்? இருக்கிற ரெண்டையும் ஓட்டிக்கிட்டுப் போவான். அப்புறம் நான் ஊருக்குள்ள மாடில்லாத ஆம்பளை. நாளைக்கு நான் செத்தா வெட்டுறதுக்கு ஒரு மாடு கிடையாது. நாய் செத்த மாதிரி புதைப்பீங்க."

"கட்சி அந்த வழக்கத்தை வேணாம்னு சொல்லுதுய்யா."

"கட்சி சொல்லும். இன்சாலி சொல்லுவானா?" அவன் குரல் இறங்கியது. "கிந்தா, உன்னை அந்த முக்காலியில உட்கார வச்சவன் நான். கேலிக்குச் சொன்னேன், சரி. அதுக்கப்புறம் ஒருநாளாவது உன்னைத் தடுத்தேனா? இந்த ஒண்ணைத்தான் கேக்குறேன். வேணாம்னு சொல்ல வேணாம். இப்ப வேணாம்னு சொல்லு. சண்டை முடியட்டும்னு சொல்லு."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கிவிட்டது. இப்ப வேணாம். அதில் பொய் எதுவும் இல்லாத மாதிரி இருந்தது.

வழக்கு நாளில் இலவ மரத்தடியில் இடமில்லை. ஆர்மிந்து வேறு ஊருக்குப் போயிருந்தார். ஞாலா நடுவில் வந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். இன்சாலி எழுந்து, "நான் சோறு போடலையா? கை ஓங்கினேனா? ஊர் சொல்லட்டும்" என்றான். ஊரில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் ஞாலாவுக்குக் கஷ்டமாகப் போயிற்று.

"அப்ப எதுக்கு வேணாங்கிற?" என்று குழுவிலிருந்த கிழவர் ஒருவர் கேட்டார்.

"அவர் நல்லவர்தான். எனக்கு வேணாம். அதுக்கு மேல சொல்லணும்னு சட்டத்துல இருக்கா?"

விடுதலை கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்க வேண்டும். மருத்துவச்சி தேலா உடனே தூக்கினாள். ஊர்க்காவல் படையைச் சேர்ந்த இளைஞன் தூக்கினான். கிழவர்கள் இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கிந்தாவைப் பார்த்தார்கள். ஞாலா பார்க்கவில்லை. சித்தியின் கை எப்படியும் தூக்கப்படும் என்று அவள் நம்பியிருந்தாள், அதனால் இன்சாலி என்ன செய்யப்போகிறான் என்றுதான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிந்தாவின் கை எழவில்லை.

"இன்சாலி வீட்டு அரிசியிலதான் பாதி முகாம் சாப்பிடுது," என்று சொன்னாள். எப்போதும் நாலு குடிசைக்குக் கேட்கும் குரல் அன்று முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. "விமானம் தலைக்கு மேல இருக்கும்போது வீட்டைப் பிரிக்க வேணாம். சண்டை முடியட்டும். முடிஞ்சதும் முதல் வழக்கா இதை எடுப்போம்."

தேலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஞாலாவும் அப்போதுதான் திரும்பினாள். சித்தியின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே அவள் காணாமல் போனாள். ஆற்றில் நீர் வற்றிய நேரத்தில் கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போனதை மீன்பிடிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். முள்கம்பிக்குள் இருந்த ஊரில் அவளுடைய தாய்மாமன் இருந்தான்.

இன்சாலி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பொண்டாட்டி பறங்கியிடம் ஓடிப்போனவன் என்ற பேரோடு குனிந்தே நடந்தான். இம்பாலி, "போனாப் போறா, வழக்கு முடிஞ்சது" என்றான். மாடுகள் கொட்டிலில் இருந்தன. கிந்தா அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். தண்ணீர் காட்ட அவனையே அனுப்பினாள்.

அறுவடை முடிந்து, சேர்த்த அரிசியெல்லாம் காட்டுக்குள் குதிர்களில் நிரம்பியிருந்த சமயத்தில் விமானங்கள் வந்தன. நேராக அந்த இடத்துக்கே வந்தன. ஒரு குதிர் மிஞ்சவில்லை. அரிசி கருகிய வாடை நாள் கணக்கில் போகவில்லை. உரலடியில் இருந்த இன்சாலியின் மூத்த மனைவி அந்த இடத்திலேயே செத்துப்போனாள். தேலாவுக்குக் காலில் குண்டுச் சில்லு பாய்ந்தது.

அவளைப் புதைத்த குழியை மூடும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள், "ஞாலா காட்டிக் கொடுத்துட்டா." அது யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தது என்று இன்று கேட்டால் தெரியாது. மறுநாள் எல்லோருடைய வாயிலும் இருந்தது. காட்டிக் கொடுத்தவள் ஒருத்தி கிடைத்ததும் எங்களுக்கு மூச்சு விடச் சுலபமாக இருந்தது. கிந்தாவுக்கு அப்படி இல்லை. ஞாலா சொல்லியிருந்தால் அவளை அங்கே துரத்தியது யார்? சொல்லவில்லை என்றால் ஊர் அவள்மேல் பழி போடும்போது வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது யார்? இரண்டு பக்கமும் அவளே நின்றாள். மூத்தவளின் குழியை மூடிய அன்று மண் போட அவள் போனபோது இன்சாலி மண்வெட்டியை அவள் கையில் கொடுத்து, "உன் வார்த்தையை நான் மதிச்சேன். அவளை வீட்டுல வச்சிருந்தேன், பூட்டி வைக்கலை" என்றான். குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளுக்குக் குத்தியது.

மழை தொடங்குவதற்கு முன்பு ஞாலா திரும்பி வந்தாள். சிப்பி பொறுக்கும் பெண்களோடு ஆற்றில் இறங்கி, அவர்களை விட்டுப் பிரிந்து இந்தக் கரைக்கு வந்து, நேராக ஊர்க்காவல்காரர்களிடம் போய்த் தன் பெயரைச் சொன்னாள். அவர்கள் கையைக் கட்டி அழைத்துவந்தார்கள்.

விசாரணைக்கு ஆர்மிந்துவும் முகாமின் தளபதியும் வந்தார்கள். காட்டிக் கொடுத்தவர்களுக்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாலாவை நடுவில் நிறுத்தினார்கள். இளைத்திருந்தாள். வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?" என்றார் தளபதி.

அவள் கட்டிய கைகளை உயர்த்திப் பல்லால் துணியைப் பிரித்தாள். இரண்டு விரல்கள் கோணிக்கொண்டு, நிறம் மாறி இருந்தன.

"குதிர் எங்க இருக்குன்னு கேட்டாங்க. துப்பாக்கிக் கட்டையால அடிச்சாங்க."

"சொன்னியா?"

"சொல்லலை."

"நடிக்கிறா," என்றது ஒரு குரல். "விரலை உடைச்சா யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்க" என்றது இன்னொன்று. இன்சாலி எழுந்து நின்றான். "எம் மூத்தவ போயிட்டா. இவ போன பிறகுதான் விமானம் வந்துச்சு. நான் வேற என்னன்னு நினைக்கிறது?" என்று கேட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஆர்மிந்து குழுவைப் பார்த்து, "உங்க ஊர்ப் பொண்ணு. உங்களுக்குத்தான் தெரியும். யாராவது சொல்றதுக்கு இருக்கா?" என்றார்.

கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். தேலா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிந்தா முக்காலியை விட்டு எழுந்தாள். எழுந்து, நடுவில் போய், ஞாலாவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உட்காரும் இடம் அது.

"இவ முதல்ல நம்மகிட்டதான் வந்தா," என்றாள். "பறங்கிகிட்டப் போகலை. இந்த மரத்தடியில வந்து நின்னு, எனக்கு விடுதலை கொடுங்கன்னு கேட்டா. சட்டத்துல இருந்ததைத்தான் கேட்டா. நாம கொடுக்கலை. நாம இல்லை, நான். ரெண்டு கை இந்தப் பக்கம், ரெண்டு கை அந்தப் பக்கம். நான் தூக்கியிருந்தா இவ முகாமுக்குப் போயிருப்பா. ஆத்தைத் தாண்டியிருக்க மாட்டா."

"சண்டை நேரம்னு சொன்னீங்களாமே. அரிசிக்காகன்னு," என்றார் ஆர்மிந்து.

"அது வெளியில சொன்னது. உள்ள இருந்தது ரெண்டு மாடு." அவள் குரல் பழையபடி எல்லோருக்கும் கேட்டது. "இவ பரிசத்தை நாங்க தின்னுட்டோம். விடுதலை கொடுத்தா எங்க கொட்டில்ல இருக்கிற ரெண்டு மாடும் போயிரும். அதுக்காகத்தான். நான் கூட்டத்துல பேசினதெல்லாம் மத்தவங்க வீட்டுக்குப் பேசினது. எங்க வீட்டுக்கு வந்ததும் கை கனத்துப் போச்சு."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். இம்பாலி கூட்டத்தின் ஓரத்தில் இருந்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தோம். போகவில்லை, முழங்காலுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டான்.

"மாட்டை நான் கேட்டேனா?" என்றான் இன்சாலி.

"கேட்டிருப்பீங்க."

"கேட்டிருப்பேன்," என்றான்.

தளபதி எழுந்து, "அரிசி குத்துற இடம் எது?" என்று கேட்டார். எரிந்த குதிர்களை ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினோம். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அந்த உமி எத்தனை நாளா கிடக்கு? வெயில்ல வெள்ளையாப் பளபளக்குது. மேல இருந்து பார்க்கிறவனுக்கு யாரும் காட்டிக் கொடுக்கத் தேவையில்லை. அள்ளிப் புதைக்கணும்னு சொல்லியிருந்தோமே."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உமியைக் கூடையில் அள்ளிக் காட்டுக்குள் புதைக்கும் வேலையை ஞாலாதான் செய்துவந்தாள். யாரும் அவளிடம் சொன்னதில்லை, முகாமில் கேட்டுக்கொண்டு வந்து அவளாகவே செய்தாள். அவள் போன பிறகு அது யார் வேலை என்று யாரும் நினைக்கவில்லை. அறுவடை முழுவதின் உமியும் அங்கேதான் குவிந்து கிடந்தது. அரிசிக்குப் பொறுப்பு கிந்தா. அந்தக் குவியலைத் தினமும் தாண்டித்தான் அவள் தண்ணீருக்குப் போவாள்.

ஞாலாவின் கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். இன்சாலியிடமிருந்து அவளுக்கு விடுதலை கொடுப்பதற்குக் கை தூக்கச் சொன்னபோது கிழவர்களும் தூக்கினார்கள். கிந்தா தூக்கவில்லை. "எனக்கு இனிமே கை கிடையாது. வேற யாரையாவது உட்கார வைங்க," என்றாள்.

தேலா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என்னடி, தப்புப் பண்ணிட்டு எழுந்து போயிடுவியா? அப்புறம் அந்த இடத்துல உன் புருஷனை உட்கார வைப்பானுங்க. மூணு ஆம்பளை நாலு ஆம்பளையாயிடும், நான் கிழவி ஒருத்தி கத்திக்கிட்டுக் கிடப்பேன். வெக்கமா இருக்கா? இருக்கட்டும். வெக்கத்தோடயே உட்காரு. கையைத் தூக்கு."

கிந்தா மண்ணில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள்.

மறுநாள் காலையில் இம்பாலி இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு இன்சாலியின் குடிசைக்குப் போனான். வழியில் அவனிடம் யாரும் கேலி பேசவில்லை. இன்சாலி ஒன்றை வாங்கிக்கொண்டு மூத்தவளின் கருமாதிக்கு வெட்டினான். மற்றதைத் திருப்பி அனுப்பினான். "கட்சி கணக்கு எப்படியோ, என் கணக்கு இதோட சரி," என்று சொல்லி அனுப்பியிருந்தான். இம்பாலி கிந்தாவோடு பல நாள் பேசவில்லை. ஆனால் சோறு வடிக்கும்போது படலைச் சாத்துவதை விட்டுவிட்டான். எல்லோர் முன்னாலும் மானம் போன பிறகு அவனுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை போலும்.

ஞாலா கிந்தாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஆர்மிந்துவோடு போனாள். வழியில் சாப்பிட கிந்தா வாழையிலையில் சோறும் மீனும் கட்டி எடுத்துக்கொண்டு பாதையில் நின்றாள். ஞாலா அதை வாங்கி, கூட வந்த ஊர்க்காவல்காரனிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அதன் பிறகு குழுவுக்கு வந்த வழக்குகளில் கிந்தா கை தூக்கினாள். பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தியை அவள் தகப்பன் பக்கத்து ஊருக்குக் கட்டிக் கொடுக்கப் பார்த்தபோது அவள் நேராக மரத்தடிக்கு வந்தாள். தகப்பனே ஊர் முன்னால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரைப் புகழ்ந்தார்கள். அப்படிப் புகழும்போதெல்லாம் கிந்தா எழுந்து வேறு வேலையாகப் போய்விடுவாள். உமியைத் தினமும் அவளே அள்ளினாள். யாரையும் தொட விடவில்லை. பெண்கள் அவளை நம்பி வந்து நின்றார்கள், அந்த நம்பிக்கை தனக்கு உரியதல்ல என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தேலாவிடம் ஒருமுறை சொன்னாள். "உனக்கு உரியதா இல்லையான்னு அதுங்க கேட்டுச்சா? வழக்கைக் கேளு," என்றாள் தேலா.

அடுத்த அறுவடைக்குப் பிறகு, காட்டுக்குள் இருந்த ஆஸ்பத்திரிக்கு அரிசி கொண்டுபோகும் முறை எங்கள் ஊருக்கு வந்தது. கிந்தாவும் போனாள். நீண்ட ஓலைக் கொட்டகை, மூங்கில் கட்டில்கள், கொதிக்கும் பானைகள். ஞாலா வெள்ளைத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு போராளியின் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்கள் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மற்ற விரல்களால் வேலை நடந்தது.

சுமையை இறக்கிவிட்டு கிந்தா அவள் பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஞாலா, நான் பண்ணினது..."

"தெரியும் சித்தி," என்றாள் அவள், காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கு நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னதாலதான் நான் உயிரோட இருக்கேன். முதல் வழக்குல கை தூக்காததாலதான் அங்க போனேன். ரெண்டும்தான் நடந்துச்சு. ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிக்க எனக்குத் தெரியலை."

"நான் அழிக்கச் சொல்லலை."

"அப்ப வேற என்ன கேக்க வந்தீங்க?"

கிந்தா இறக்கிவைத்த சுமையைத் திரும்பிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். அதைக் கேட்பதும் இன்னொரு பரிசம் கேட்பது போல அவளுக்குத் தோன்றியது. "ஒண்ணும் கேக்க வரலை. அரிசி கொண்டாந்தேன்," என்றாள்.

ஞாலா தலையாட்டினாள். தொடையில் சில்லு தங்கியிருந்த அந்தப் போராளி வலியில் திமிறத் தொடங்கினான். உதவிக்கு இருந்தவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ஞாலா ஒரு கையால் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கிந்தாவைத் தவிர யாரும் இல்லை.

"சித்தி, இந்தக் காலைப் பிடிங்க."

கிந்தா மண்டியிட்டு அவன் காலைப் பிடித்தாள்.

"அங்க இல்லை. முட்டிக்கு மேல. அசையக் கூடாது."

"இப்படியா?"

"இன்னும் இறுக்கி," என்றாள் ஞாலா. கிந்தா கண்ணை மூடிக்கொள்ளாமல், தன் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து இறுக்கிப் பிடித்தாள்.